தத்தாவின் படத்தில் நான் திரும்பி வருகிறேன்

பிள்ளைகளா, பூனா ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை ஏழரை மணி. கரூரில் அந்த நேரத்துக்கு உங்கள் அம்மா கார்த்தியின் இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்திருப்பாள். ஸ்வெட்டர் எடுத்துப் போகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. ஜனவரி மாசத்துப் பூனாவில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. பீடி குடிக்காமலே பீடி குடித்த மாதிரி.

எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் பண்ணுவாரே, வித்யா எடுத்துவிட்டு, "அப்பா, யாரோ தாத்தா பேசுறார்" என்று கத்துவாளே, அவரைப் பார்க்கத்தான். அவர் தாத்தா இல்லை, தத்தா. தத்தாத்ரேயா என்பதன் சுருக்கம். என்னைவிட ஒரே வயசு மூத்தவர். தொண்ணூற்றொன்றில் ஐடிஐ முடித்த கையோடு நான் பூனாவுக்குப் பக்கத்தில் போசரியில் ஒரு பட்டறையில் டர்னராகச் சேர்ந்தேன். நான் லேத்தில் கடைந்து கொடுக்கும் இரும்புத் துண்டை, ஜாப் என்போம், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்லும் செக்கர் அவர். கசார்வாடியில் ஒரே அறையில் நாலு வருசம் சேர்ந்து இருந்தோம். சாயங்காலமானால் அவர் நாடகம் போடப் போய்விடுவார்.

இந்தத் தடவை தீபாவளி இல்லாத நாளில் போன் வந்தது. "அண்ணா, நான் ஒரு படம் எடுத்திருக்கேன்" என்றார். அந்த ஊரில் தெற்கத்தி ஆள் யாராக இருந்தாலும் அண்ணாதான். "நாடகக்காரங்க நாலு பேர் சேர்ந்து சின்ன கேமராவுல எடுத்தது. சிரிப்புப் படம். ஞாயித்துக்கிழமை முப்பது பேருக்குப் போட்டுக் காட்டணும். ஆனா நீ முதல்ல பார்க்கணும். நீ சரின்னா போடுவேன். வேண்டாம்னா பெட்டியில வெச்சுப் பூட்டிடுவேன்."

"நான் லேத் ஓட்டுறவன். எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"படத்துல ஒரு தமிழாள் வர்றான்."

சரி, அந்த ஆள் பேசும் தமிழில் தப்பு இருந்தால் திருத்துவதற்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கிளம்பினேன். அங்கே போய்ப் பார்த்தால் விசயம் வேறு. அந்தப் படத்தை என்றைக்காவது நீங்கள் பார்ப்பீர்கள். வேறு யாராவது வந்து உங்களிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் வித்யா திருத்திக்கொள்.

தத்தாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட். அவருக்குப் பதிலாக ஸ்டேஷனுக்கு ஜெகன் என்பவர் வந்திருந்தார். இருபத்தைந்து வயசு. பாட்டன் காலத்திலேயே கட்கியில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். படத்தில் தமிழாளாக நடித்தவர் அவர்தான்.

"வாங்க அங்கிள். சாருக்கு சாயங்காலம்தான் சுட்டி. சலோ, பேக் குடுங்க." சுட்டி என்று அவர் சொன்னது வேலை விடுவதை.

வழியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "மூஞ்சில ஏதாச்சும் ஒட்டியிருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். ஹிந்தி பேசறப்ப காதைப் பிடிச்சுக்கிறீங்க. இப்ப டீக்கடைக்காரன்கிட்ட பேசினீங்கள்ல, அப்பவும். சார் சொன்னாரு. நான் நம்பல."

எனக்கே அது தெரியாது. கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு எதிரில் மிசள் சாப்பிட்டோம். முளைகட்டிய பயறைக் குழம்பு வைத்து, மேலே மிக்சரைத் தூவி, கூடத் தொட்டுக்கொள்ள பன் மாதிரி பாவ் கொடுப்பார்கள். குழம்புக்கு மேலே சிவப்பாக எண்ணெய் நிற்கும். நம் பஸ் ஸ்டாண்டு சால்னா இதன் பக்கத்தில் பச்சைத்தண்ணீர். பதினொரு வருசத்துக்குப் பிறகு முதல் வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. காரத்தினால்தான்.

பிறகு சிக்ஸ் சீட்டர். ஆறு பேர் உட்காரும் பெரிய ஆட்டோ என்று பேர். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். டிரைவர் தன் சீட்டிலேயே இரண்டு பக்கமும் ஆளை ஏற்றிக்கொண்டு, தான் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். கசார்வாடிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். வெந்தயக்கீரைக் கட்டை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா டிரைவரிடம் மராத்தியில் சொன்னார்: "மகனே, அடுத்த தடவை நீ உள்ளே உட்காரு. நாங்களே உன்னைக் கொண்டுவந்து விட்டுடறோம்." டிரைவரும் சேர்ந்து சிரித்தார். வண்டி கிளம்பவில்லை. நடந்தோம்.

நடந்ததும் நல்லதாகப் போயிற்று. நாங்கள் சாப்பிட்ட மெஸ் இருந்த இடத்தைப் பார்த்தேன். இப்போது செல்போன் கடை. அந்த மெஸ்ஸை நடத்திய அம்மாவை எல்லாரும் காக்கூ என்போம், சித்தி என்று அர்த்தம். பட்டறையில் என்னிடம் எல்லாரும் ஹிந்திதான் பேசுவார்கள். மராத்தி எனக்கு வந்தது காக்கூவிடமிருந்து. நம் ஊரில் கிளம்பும்போது போறேன் என்று சொல்லமாட்டோம், வர்றேன் என்போம் இல்லையா, அவர்களும் அப்படித்தான். காக்கூ கடைக்குக் கிளம்பும்போது "மீ யேத்தே" என்பார். அப்படியென்றால் 'நான் வருகிறேன்'. இது நம்ம வழக்கமாயிற்றே என்று எனக்கு ஒரே சந்தோசம். அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் யேத்தே, யேத்தே என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். தமிழ் நாக்கில் மராத்தி அப்படித்தான் ஒலிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

இதை ஜெகனிடம் சொன்னபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "படத்தைப் பாருங்க அங்கிள்" என்றார்.

அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துப் போனோம். தத்தாவின் இப்போதைய வீடு ஆகுர்டியில் மூன்றாவது மாடி. சாயங்காலம் வந்தார். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, என் பையை எடுத்து எடை பார்த்தார். "ஸ்வெட்டர் கொண்டுவரலை" என்றார். தன்னுடையதைக் கொடுத்தார்.

சோள ரொட்டியும் கத்தரிக்காயும் செய்தார். நான் ரசம் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் கேட்பதை அப்போதும் கேட்டேன். "எப்ப தத்தா கல்யாணம்?"

"படத்தைப் பாரு முதல்ல" என்றார்.

சனிக்கிழமை காலையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

கதை இதுதான். ஒரு பட்டறை. ஒரு செக்கர், ஒரு தமிழ் டர்னர், இருவருக்கும் ஒரே அறை. செக்கருக்கு அந்த டர்னர் மேல் ஆசை. பிள்ளைகளா, எனக்கு உங்கள் அம்மா மேல் வந்ததே, அதே ஆசை. ஒரு ஆணுக்கு இன்னொரு ஆண் மேலும் அது வரும். வியாதியும் இல்லை, குற்றமும் இல்லை. சிலர் அப்படிப் பிறக்கிறார்கள். எனக்கு இதைச் சின்ன வயசில் யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

படத்தில் அந்தத் தமிழாளுக்கு ஒன்றும் புரியாது. அவன் கடைந்து கொண்டுவரும் ஜாபை செக்கர் அளந்து பார்ப்பான். அளவு கச்சிதமாக இருக்கும். ஆனாலும் முகத்தைச் சுளித்து, "ரெண்டு பாயிண்ட் கூட இருக்கு, ரிஜெக்ட்" என்பான். தமிழாள் தலையைச் சொறிந்துகொண்டு போய்த் திரும்பக் கடைந்து எடுத்து வருவான். வந்தால்தானே இன்னொரு தடவை பார்க்கலாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன தத்தா, இவ்வளவு மக்கா இருக்கான் இவன். தன் ஜாபைத் தானே அளந்து பார்க்கமாட்டானா?" என்றேன்.

தத்தா ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அடுத்த சீன். டர்னர் ஷிஃப்ட் முடிந்து, காதைப் பிடித்துக்கொண்டு, "மீ யேத்தே" என்கிறான். பட்டறை முழுக்கச் சிரிக்கிறது. புதிதாக வந்த ஒருத்தன் எழுந்து, "அட, யேத்தேன்னா பொம்பளைங்க சொல்றது. ஆம்பளைன்னா யேத்..." என்று ஆரம்பிக்கிறான். முடிப்பதற்குள் செக்கர் ஓடிவந்து அவன் வாயில் ஒரு வடா பாவைத் திணித்துவிடுகிறான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் தமிழில் வருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். மராத்தியில் ஆண் சொன்னால் யேத்தோ, பெண் சொன்னால் யேத்தே. காக்கூவிடம் கற்றுக்கொண்டவன் நான். நாலு வருசம் அந்த ஊரில் ஒரு பொம்பளையாக வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஒருத்தர்கூடத் திருத்தவில்லை.

அப்போதும் முழுக்கப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். அடுத்து ஒரு கடுதாசி வந்தது. தலையணைக்கு அடியில் செக்கர் மராத்தியில் எழுதி வைத்த கடுதாசி. தமிழாளுக்கு மராத்தி படிக்கத் தெரியாது. அவன் அதை எடுத்துக்கொண்டு போய் எழுதியவனிடமே கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, வாசி" என்கிறான். செக்கர் காகிதத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எழுதியிருக்கார். நாளைக்குத் தண்ணித் தொட்டி கழுவறாங்களாம்" என்கிறான்.

அந்தக் காகிதம் எனக்கு ஞாபகம் இருந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்தது. அன்றைக்கு நான் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

கடைசி சீன் ரயில். தமிழாள் ஊருக்குக் கிளம்புகிறான், கல்யாணத்துக்கு. ஜன்னல் வழியாக யேத்தே என்கிறான். வண்டி போய்விடுகிறது. அப்புறம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்து ஓரமாகவே நடந்து திரும்பி வருகிறான். படம் முடிந்தது.

தத்தா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். நான் முதலில் என்ன கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"என் ஜாபெல்லாம் சரியாத்தான் இருந்துதா?"

"சரியாத்தான் இருந்தது."

"எல்லாமே?"

"எல்லாமே இல்லை. ரெண்டு மூணு நிஜமாவே மோசம்."

"நாலு வருசம் என்னைப் பொம்பளை மாதிரி பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கே."

"சிரிச்சது அவங்க. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வாசிச்சேனே."

"தண்ணித் தொட்டின்னுதானே வாசிச்சே."

"பயமா இருந்துச்சு. நீ ரூமைக் காலி பண்ணிட்டா?"

ஜன்னலைச் சாத்திவிட்டு அவரே தொடர்ந்தார். "யேத்தேன்னா கிளம்பும்போது சொல்ற வார்த்தைதான்னு எனக்குத் தெரியாதா, என் பாஷைதானே. ஆனாலும் நீ போன பிறகு ரெண்டு வருசம், உங்க ஊர்ப் பக்கத்து வண்டி வர்ற நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் ஏதாவது வேலை வெச்சுக்குவேன்."

மனசில் இருந்ததைச் சொன்னேன். "படத்தைப் போடு. ஆனா அந்தக் கடைசியை எடுத்துடு. நான் திரும்பி வரலையே தத்தா. பார்க்கிறவங்க நான் வந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க. என் வீட்ல என்ன நினைப்பாங்க?"

அவர் தலையை ஆட்டினார். "எடுத்துடறேன்" என்றார். கம்ப்யூட்டரை அணைத்தார். அப்புறம் என்னிடம் சொல்வது போல இல்லாமல், "சினிமாவுலகூட வரக்கூடாதா?" என்றார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். ஆகுர்டியில் ஷிஃப்ட் விடும் நேரம். நீலச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள். இதில் எத்தனை பேர் யாருக்கு எதை வாசிக்காமல் விட்டார்களோ என்று தோன்றியது. டீக்கடை ஓரமாக நின்று உங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களையா?" என்றாள்.

"ஆமா."

"நல்லாப் பாத்துத்தான் ஆசைப்பட்டாராங்க? அந்தக் குறட்டையோட நாலு வருசம் ஒரே ரூம்புல இருந்துமா?"

"ஏய், நான் இங்க என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறேன்."

"அவருக்கு இப்ப வீட்ல யாருங்க இருக்காங்க?"

"யாருமில்லை."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "நீங்க இங்கதானுங்க இருக்கீங்க. படத்துல எங்க இருந்தா எனக்கென்ன. அவரு பாட்டுக்கு வெச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, "கார்த்திக்கு ஸ்கூல் பேக் வாங்கணும், மறந்துபோடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

மேலே போனேன். தத்தா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்" என்றேன்.

"எது?"

"கடைசி. அப்படியே இருக்கட்டும். ஆனா ஒண்ணை மாத்தணும். ஒரு சீன்ல அந்தத் தமிழாள் பாவ் ரொட்டியை ரசத்துல முக்கித் தின்றான். எந்தத் தமிழனும் அப்படித் தின்னமாட்டான்."

"நீ தின்னே."

"நானா?"

"நாலு வருசம்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கோபம் இல்லை. சந்தையில் போய் எனக்குச் சப்போட்டா வாங்கினார், பழத்தை அமுக்கிப் பார்த்து அமுக்கிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இந்த மனுசன் இப்படித்தான் எனக்காக நாலு வருசம் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், நான் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிவாஜிநகர் பக்கம் நாடக ஒத்திகை நடக்கும் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் வெள்ளை வேட்டி. நாற்பது பேர் வந்துவிட்டதால் பத்துப் பேர் தரையில். ஜெகன் வந்து என் காதருகில், "கரெக்டா பண்ணிருக்கேனா அங்கிள்?" என்று கேட்டார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றேன். அவருக்கு அதுவே பெரிய சந்தோசம்.

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் தத்தா. இடது பக்கம் காட்டன் புடவை கட்டிய ஒரு டீச்சரம்மா, எனக்குத் தெரியாதவர். மைக்ரோமீட்டர் சீனில் அந்த அம்மா தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஹிந்தியில் சொன்னார்: "எவ்வளவு மக்கு பாருங்க இந்த மதராசி."

"ஆமாங்கம்மா" என்றேன். காதுக்குப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரிஜெக்ட் ஜாபுகளை நான் அந்தக் காலத்தில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனாவில் நிற்கிற அளவுக்கு நமக்குக் கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊரில் பெண் பார்த்திருக்கிறோம் என்று கடுதாசி வந்ததும் மறுபேச்சில்லாமல் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். என்னைத் தன் மேஜைப் பக்கம் வரவைக்க அவர் செய்ததுதான் என்னை ரயிலேற்றியது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது.

கடுதாசி சீனில் யாரும் எதிர்பாராத விதமாகக் கூடம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு பையன், "அட வாசியேன்டா" என்று மராத்தியில் முனகினான்.

பிறகு ரயில் வந்தது. ஜன்னல், கை, யேத்தே. வண்டி போய்விட்டது. செக்கர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வடா பாவைத் தின்றுகொண்டே அழுகிறான். அதற்கும் சிரித்தார்கள். தூரத்தில் தண்டவாளத்து ஓரம், தலையில் பெட்டியோடு ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். புள்ளி பெரிதாகிப் பெரிதாகி ஜெகன் ஆனது. வேர்த்து, மூச்சு வாங்கி, பெட்டியை இறக்கி வைத்து, "சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்கிறான். கூடமே கை தட்டியது. டீச்சரம்மா எழுந்து நின்று தட்டினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. தத்தாவைப் பார்த்தேன். அந்தப் படத்தை அவர் நூறு தடவை பார்த்திருப்பார், வெட்டி ஒட்டியதே அவர்தான். ஆனாலும் இப்போதுதான் வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி, கழுத்தை நீட்டி, வாய் லேசாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருசத்தில் நான் அவருக்குக் கொடுத்தது அந்த நாலு நிமிசம்தான். அதையும் முந்தின நாள் வெட்டிவிடச் சொன்னேன்.

பிள்ளைகளா, அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அப்பா திரும்பிப் போனாரா என்று உங்களுக்குத் தோன்றும். போகவில்லை. உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டேன், நீங்கள் பிறந்தீர்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது உங்களிடம் கேட்டால் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆமாங்க, அது எங்கப்பாதான், திரும்பி வந்துட்டாரு என்று மட்டும் சொல்லுங்கள்.